கணினிக்குள் ஒரு களையெடுப்பு

தமிழ் பயிற்றும் வார இறுதிப் பாடசாலையொன்றின் ஆண்டு விழா மலரிலே, கணினியைப் பீடிக்கும் நச்சுநிரலைப் பற்றி ஓர் ஆசிரியன் எழுதுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். மொழியின் தொன்மை பற்றியும் பண்பாட்டின் சிறப்புப் பற்றியும் எழுதுவதற்கு இம்மலரில் அறிஞர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது. எனினும் எழுத்தெழுத்தாய் ஊன்றி வாசித்தல், உண்மையைப் போலியினின்று பிரித்தறிதல், பெற்றதைப் பேணிக்காத்தல் என நாம் வகுப்பறையிலே கற்பிக்க முயலும் மூன்றும் அதனுள் அடங்கியிருக்கக் கண்டேன். ஆதலின் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதனை எடுத்துரைக்க விழைகின்றேன்.

நச்சுநிரல் என்பது யாது?

கணினிக்கு மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுதியே நிரல் எனப்படும். அவற்றுள் ஒரு வகை, கணினிக்கு உரியவரின் அனுமதியின்றி உட்புகுந்து, தன்னைத் தானே படியெடுத்து, அங்கிருந்து பிற கணினிகளுக்கும் பரவும். உயிருள்ள கிருமி போன்று பெருகுவதனால் அதற்கு வைரஸ் என்னும் பெயர் வந்தது. 1983 ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரெட் கோஹன் என்பவர் இத்தகைய நிரலொன்றைச் செய்து காட்டினார். அவருடைய ஆசிரியரான லெனார்ட் அடில்மன் என்பவரே அப்பெயரைச் சூட்டினார்.

மூன்றாண்டுகளின் பின், 1986 இல், பாகிஸ்தானின் லாகூர் நகரிலே மருத்துவ மென்பொருள் விற்றுவந்த பாசித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி என்னும் சகோதரர் இருவர் 'பிரெயின்' என்ற நிரலை எழுதினர். தமது மென்பொருளைப் பிறர் களவாகப் படியெடுப்பதைத் தடுக்கவே அதனைச் செய்ததாக அவர்கள் கூறினர். தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள்ளேயே எழுதி வைத்திருந்தனர். அந்நிரல் நெகிழ்தட்டுகளின் வழியே கடல் கடந்து உலகெங்கும் சென்றது. ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதலாவது நச்சுநிரல் அதுவே.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இந்நாட்டிலே 1990 ஆம் ஆண்டுக் கணினித் துர்ப்பிரயோகச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் கீழ், நச்சுநிரல்களை எழுதிப் பரப்பிய பிளிமத் நகர இளைஞர் ஒருவருக்கு 1995 இல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விளையாட்டுக்காகச் செய்தேன் என்ற சொல் நீதிமன்றத்தில் எடுபடாது.

நெகிழ்தட்டின் காலம் முடிந்தபின், விரலளவான பென் ட்ரைவ்கள் வந்தன. நச்சுநிரல்களும் அவற்றில் ஏறிக்கொண்டன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் மேற்கு இலண்டனின் ஈலிங் நகரசபையில், 2009 மே மாதம் ஊழியர் ஒருவர் செருகிய பென் ட்ரைவ் ஒன்றினால் 'கொன்ஃபிக்கர்' என்னும் நச்சுநிரல் பரவியது. சபையின் கணினிகள் பல நாள்கள் முடங்கின. வாகனத் தரிப்புக்கான ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட தண்டப் பத்திரங்களை உரிய காலத்தில் கவனிக்க இயலவில்லை. ஐந்து இலட்சம் பவுண் அளவில் செலவாயிற்று. பெரிய நகரசபைக்கே இந்நிலை என்றால், எம்போன்ற ஏழை அகதிக் குடும்பத்தின் பழைய கணினிக்கு என்ன பாதுகாப்பு இருந்திருக்க முடியும்?

எம் இல்லத்திற்கு வந்த அழையா விருந்தாளி

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ஒன்பது ஆண்டுகள் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியாற்றியவன். 2009 இன் இடப்பெயர்வுகளிலே எமது வீடும் வீட்டிலிருந்தனவும் போயின. 2010 இல் மனைவியோடும் மகனோடும் இந்நாட்டை அடைந்து, பார்க்கிங்கில் ஓர் அறையில் வாழத் தொடங்கினேன். புகலிடம் கோரும் ஒருவன் தான் யார் என்பதைக் கடதாசியினால் நிறுவ வேண்டும். என்னிடமோ கடதாசி இல்லை.

வவுனியாவிலிருந்த பழைய நண்பரொருவர் என் பொருட்டுப் பல இடங்களுக்கும் அலைந்து, எனது ஆசிரிய நியமனக் கடிதத்தின் படி, நான் கையொப்பமிட்ட வகுப்பு இடாப்பின் சில பக்கங்கள், மாணவர்களோடு நான் நிற்கும் குழு ஒளிப்படம் ஒன்று ஆகியவற்றைத் தேடியெடுத்தார். அவற்றோடு, உறவினர் ஒருவரின் திருமணத் தொகுப்பிலிருந்த என் தந்தையாரின் படத்தையும் சேர்த்தார். அவருடைய படம் வேறெதுவும் எங்களிடம் இருக்கவில்லை. இவையனைத்தையும் அங்குள்ள கடையொன்றில் கணினியிற் பதிவுசெய்து, ஒரு பென் ட்ரைவில் இட்டு, இலண்டனுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். 2011 பங்குனி மாதம் அது என் கைக்கு வந்தது. சட்டத்தரணி குறித்த தவணைக்குப் பதினான்கு நாள்கள் இருந்தன.

எம்மிடம் இருந்தது வின்டோஸ் எக்ஸ்.பி. இயங்குதளம் கொண்ட பழைய கணினி. இணைய இணைப்பு இல்லை. அதிலிருந்த நச்சுக்கொல்லி மென்பொருளின் காலமும் முடிந்திருந்தது. பென் ட்ரைவைச் செருகியபோது நண்பர் சொன்ன கோப்புறைகள் யாவும் தெரிந்தன. ஆனால் எதனைத் திறப்பினும் உள்ளே ஒன்றும் இல்லை. சிறிது நேரத்தில் கணினியின் மற்றைக் கோப்புறைகளிலும் மாற்றம் தெரிந்தது. எப்பணிகள் நடைபெறுகின்றன என்று காட்டும் சாளரத்தைத் திறந்தால், நிருவாகி அதனைத் தடைசெய்துள்ளார் என்ற அறிவிப்பு வந்தது. வீட்டிலே நிருவாகி என்று சொல்லத்தக்கவன் நான் ஒருவனே. நான் எதனையும் தடைசெய்யவில்லை.

அயலிலிருந்த கணினி திருத்தும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பென் ட்ரைவில் எதுவும் இல்லை என்றார். கணினியையும் பென் ட்ரைவையும் முற்றாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும், நாற்பது பவுண் ஆகும் என்றார். அவர் தொழிலில் அது வழக்கமான பரிகாரம். ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்ற சொல்லை நான் அதற்கு முன்பும் வாழ்க்கையில் கேட்டிருக்கிறேன். கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

நோயின் மூலத்தைத் தேடுதல்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தை மேல் வகுப்பு மாணவர் கற்றிருப்பர். பிணி இன்னதென்று தெரிந்து, அது தோன்றிய காரணத்தையும் தெரிந்து, அதன் பின்னரே வைத்தியம் செய்க என்னும் முறைமை அங்கே கூறப்படுகின்றது. நானும் அம்முறையையே பின்பற்றினேன். பார்க்கிங் நகரச் சதுக்கத்திலுள்ள கற்றல் நிலையத்தின் நூலகத்தில் அப்போது கட்டணமின்றிக் கணினியைப் பயன்படுத்தக்கூடியதாயிருந்தது. இரு மாலைப்பொழுதுகள் அங்கே அமர்ந்து, பாதுகாப்பு நிறுவனங்கள் வெளியிட்ட விளக்கங்களை வாசித்து, வேண்டியவற்றை ஒரு கொப்பியிலே கையால் எழுதிக்கொண்டேன். எமது கணினி காட்டிய குறிகள் யாவும், 2006 ஆம் ஆண்டளவில் தோன்றிய 'சொகனட்' என்னும் நச்சுநிரற் குடும்பத்தின் குறிகளோடு ஒத்திருந்தன.

அதன் தந்திரம் வியப்புக்குரியது. ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அதே பெயருடைய போலியொன்றை அது வைக்கும். போலிக்கும் மஞ்சள் நிறக் கோப்புறைப் படமே இருக்கும். எங்களுக்கு வந்த வகையோ உண்மைக் கோப்புறையை மறைத்துவிட்டுப் போலியை மாத்திரம் காட்டியது. நாம் கோப்புறை என்று எண்ணி அதனை அழுத்துவோம். உண்மையில் நச்சுநிரலை நாமே இயக்கியவராவோம். ஆகவே நண்பர் அனுப்பிய ஆவணங்கள் அழியவில்லை; மறைக்கப்பட்டிருந்தன. இதனை அறிந்த மாலையில் என் மனத்தில் எழுந்த ஆறுதலைச் சொல்லில் அடக்குதல் அரிது.

போலியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்றும் இருந்தது. கோப்புகளை விவரப் பட்டியலாகப் பார்க்கும்போது, மெய்யான கோப்புறைக்கு எதிரே அளவு குறிக்கப்படுவதில்லை. போலிகளுக்கோ அளவு இருந்தது. எல்லாப் போலிகளுக்கும் ஒரே அளவே இருந்தது.

நச்சுநிரலின் முதன்மைக் கோப்பு தனக்கு இட்டுக்கொண்ட பெயர் இன்னும் நுட்பமானது. வின்டோசில் 'எஸ், வி, சி' என்னும் மூன்றெழுத்துகளின் பின் 'ஹோஸ்ட்' என்று முடியும் நேர்மையான நிரலொன்று உண்டு. ஒரே வேளையில் அதன் படிகள் பல இயங்கிக்கொண்டிருக்கும். அது இன்றேல் இயங்குதளம் செயற்படாது. நச்சுநிரல் தன்னை 'எஸ், சி, வி' ஹோஸ்ட் என்று அழைத்துக்கொண்டது. இரண்டெழுத்துகள் இடம்மாறியுள்ளன, அவ்வளவே. விரைந்து வாசிப்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தவறி மெய்யானதை அழித்தாலோ கணினி நின்றுவிடும்.

இதனை வாசித்தபோது, வன்னியின் வயல்களிலே களை பிடுங்கிய பெண்களை நினைத்தேன். நெற்பயிரின் நடுவே, நெல்லைப் போலவே தோற்றங்காட்டி வளரும் களைப்புல் உண்டு. இளம்பருவத்தில் அதனை வேறு பிரித்தறிவது புதியவர்க்கு எளிதன்று. அனுபவம் மிக்க பெண்கள் குனிந்து, தாளைத் தடவிப் பார்த்து, களையை மாத்திரம் வேரோடு எடுப்பர். களை மிகுந்துவிட்டது என்பதற்காக வயலுக்குத் தீயிடுவார் எவருமிலர்.

பிடுங்கப் பிடுங்க முளைத்தல்

அந்நிரலை அழித்தல் எளிதாக இருக்கவில்லை. கட்டளைச் சாளரத்தின் வழியே அதனை நிறுத்தி, கோப்பையும் நீக்கினோம். மறுநாட் காலை அது மீண்டும் அங்கே இருந்தது. வேர்கள் வேறிடங்களில் இருந்தமையே காரணம். நூலகத்தில் எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவ்வேர்கள் நான்கு என்று தெரிந்தது.

ஒன்று, கணினி விழித்தெழும்போது எவ்வெவற்றை இயக்க வேண்டும் என்று எழுதப்பட்டுள்ள பதிவேட்டில் அது தன் பெயரைச் சேர்த்திருந்தது. இரண்டு, நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குத் தன் இன்னொரு படியை எழுப்பும்படி கணினியின் நேரசூசியிலும் எழுதி வைத்திருந்தது. முதன்மைக் கோப்பை இரவில் நீக்கினாலும், காலை ஒன்பது மணிக்கு வேறு பெயரில் ஒளிந்திருந்த படி எழுந்து அதனை மீண்டும் உருவாக்கும். மூன்று, கோப்புறைகளில் இருந்த போலிகள். நான்கு, பென் ட்ரைவின் வாயிலில் மறைந்திருந்த சிறு உரைக்கோப்பு. அக்காலத்தில் எக்ஸ்.பி. கணினி, செருகப்படும் பென் ட்ரைவில் அத்தகைய கோப்பு இருப்பின் அதன் சொற்படி நடக்கும். 2009 இல் வந்த வின்டோஸ் 7 அவ்வழக்கத்தைக் கைவிட்டது. எக்ஸ்.பி.க்கும் அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2011 பெப்ரவரியில் விநியோகித்தது. இணைய இணைப்பற்ற எங்கள் கணினிக்கு அது வந்து சேரவில்லை.

நான்கையும் நீக்கினாலன்றி வேலை முடியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கினோம். கணினியை எழுப்பும்போதே எஃப் 8 என்னும் விசையை அழுத்தி, கட்டளைச் சாளரம் மாத்திரம் தோன்றும் பாதுகாப்பு முறையிலே தொடங்கினோம். அம்முறையில் நச்சுநிரல் விழிப்பதில்லை. உறங்குகின்றவனிடமிருந்து ஆயுதத்தை எடுப்பது போன்றது இது. முதலில் நேரசூசியிலிருந்த கட்டளையை நீக்கினோம். பின்னர் 'அட்ரிப்' எனும் கட்டளையால் மறைந்திருந்த கோப்புகளை வெளிக்கொணர்ந்து, கொப்பியிலிருந்த பெயரோடு எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டு, முதன்மைக் கோப்பையும் ஒளிந்திருந்த படியையும் அழித்தோம். போலிகளை ஒவ்வொன்றாக எண்ணி நீக்கினோம். எழுபத்து மூன்று இருந்தன. வாயிற்கோப்பை நீக்கிய பின், பென் ட்ரைவில் மறைக்கப்பட்டிருந்த மெய்யான கோப்புறைகளின் மேல் அதே 'அட்ரிப்' கட்டளையைச் செலுத்தினோம்.

கறுத்த திரையிலே பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. நியமனக் கடிதம். இடாப்பு. குழுப் படம். கடைசியாக அப்பா.

எனினும் வேலை முடியவில்லை. கணினியை வழமையான முறையில் எழுப்பியபோது, குறித்த பெயருடைய கோப்பைக் காணவில்லை என்ற அறிவிப்பு ஒன்று வந்தது. இது தோல்வியன்று. பாடசாலையை விட்டு விலகிய மாணவனின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டாவிட்டால், ஆசிரியர் நாள்தோறும் அப்பெயரை அழைத்துக்கொண்டே இருப்பார் அல்லவா? அதுபோன்றதே இதுவும். பதிவேட்டைத் திறக்க முடியாதவாறு நச்சுநிரல் இட்டிருந்த பூட்டை, நூலகத்திற் கற்றுக்கொண்டபடி சில வரிகளைக் கொண்ட சிறு நிரலொன்றை எழுதி அகற்றினேன்.

பதிவேட்டில் பெயர்கள் நிரல் நிரலாக இருந்தன. அவற்றுள் ஒன்று, அந்நாளில் பலரும் பயன்படுத்திய யாஹூ நிறுவனத்தின் 'மெசெஞ்சர்' என்னும் உரையாடல் மென்பொருளின் பெயர். கணினியின் முன்னைய உரிமையாளர் வைத்திருந்ததாக இருக்கலாம் என்று எண்ணி அதனை விடுவதா எடுப்பதா என்று தயங்கினேன். அப்போது ஒன்பது வயதினனாயிருந்த என் மகன் பக்கத்தில் நின்றான். அந்த வாரம் அவனுக்குப் பள்ளியிலே ஆங்கிலச் சொல்லெழுத்துப் பரீட்சை. திரையில் விரலை வைத்து, "அப்பா, இதிலை ஒரு 'ஜி' கூடக் கிடக்கு" என்றான்.

உற்றுப் பார்த்தேன். உண்மைதான். அச்சொல்லில் ஒரு 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. நேரே எழுதப்பட்டிருந்த கோப்பின் பெயரோ, நாம் தேடிய அதே பெயர். உலகின் பல நாடுகளிலும் புகுந்த அந்நிரலை எழுதியவர் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதியிருந்தார்; எழுத்துக் கூட்டக் கற்ற சிறுவன் அதனைக் கண்டுபிடித்தான். அந்தப் பெயரையும் வெட்டினோம்.

மறுநாள் காலை ஒன்பது மணி கழிந்தது. எதுவும் முளைக்கவில்லை. ஆவணங்கள் தவணைக்கு நான்கு நாள்கள் முன்னதாகச் சட்டத்தரணியின் மேசையை அடைந்தன. தந்தையாரின் படத்தைப் பெரிதாக்கி அறையிலே வைத்தோம். அக்குழுப் படத்திலுள்ள மாணவர்களுள் மூவர் இன்று இல்லை. அவர்களின் பெற்றோருள் இருவருக்கு அதன் படிகளை அனுப்பிவைத்தேன்.

எழுத்தை மதித்தல்

எமது வகுப்பிலே சில மாணவர் கேட்பதுண்டு. "சேர், மரம் என்பதற்கு எந்த 'ர' போட்டால் என்ன? சொன்னால் விளங்கும்தானே?" என்பர். மரம் வேறு, மறம் வேறு. அரம் என்பது கருவி. அறம் என்பது வாழ்வு. வாலும் வாளும் வாழும் ஒன்றாகா. ஓரெழுத்தின் வேறுபாட்டைக் காணக் கண் பழகியவன், கணினித் திரையிலும் அதனைக் காண்பான். அறிமுகமற்ற மின்னஞ்சலில் வங்கியின் பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பின் அவன் ஏமாற மாட்டான். இன்றைய மோசடிகளுட் பல ஓரெழுத்து மாற்றத்தையே நம்பி நடத்தப்படுகின்றன.

எம் முன்னோர் இத்துறையில் வல்லவர்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887 இல் முதன்முதலாக அச்சேற்றினார்கள். செல்லரித்த ஏடுகள் பலவற்றைத் தேடிப்பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, படியெடுத்தோர் கைப்பிழையால் நுழைந்த எழுத்து எது, புலவன் எழுதிய எழுத்து எது என்று தெரிந்து பிரித்தல் அன்னாரின் பணியாயிருந்தது. ஏடு பழுதுற்றது என்று தூக்கியெறிந்திருந்தால் இன்று நமக்கு நூல் இல்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். நம்மவர் பலரது வீடுகளிலே பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய தமிழ்க் கோப்புகள் இருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகத் தோன்றும். அதனை நச்சுநிரலின் வேலை என்று எண்ணி அழிக்க முற்பட்ட பெற்றோரை நான் அறிவேன். அது நோயன்று. எழுத்துருவை ஏற்றினால், அல்லது ஒருங்குறிக்கு மாற்றினால், தமிழ் மீண்டும் தோன்றும். அழிப்பதற்கு முன் அறிதல் வேண்டும் என்பதற்கு இதுவும் சான்று.

கையால் நீக்க இயலாத நோய்கள்

இவ்வரலாற்றைக் கேட்டு, இன்று கணினிக்கு நோய் வந்தால் நாமே பதிவேட்டைத் திறந்து வெட்டலாம் என்று மாணவர் துணிதல் வேண்டா. காலம் மாறிவிட்டது. வின்டோசுடன் இப்போது நச்சுக்கொல்லி இணைந்தே வருகின்றது. பழைய வகை நோய்களை அதுவே நீக்கும். புதிய வகைகளோ கோப்புகளை மறைப்பதோடு நில்லாது, திறவுகோல் இன்றி எவரும் வாசிக்க முடியாதவாறு குறியாக்கம் செய்து, பணம் கேட்கின்றன. நிரலைக் கையால் நீக்கினாலும் கோப்புகள் திரும்பா.

2017 மே 12 ஆந் திகதி 'வனாகிறை' எனும் அத்தகைய நிரல் இந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையைத் தாக்கியது. எமக்கு அயலிலுள்ள நியூஹாம் மருத்துவமனையை நடத்தும் பார்ட்ஸ் அமைப்பும் பாதிக்கப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் தவறியதாக மதிப்பிடப்பட்டது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியாகியிருந்தது. பல கணினிகளில் அதனை எவரும் ஏற்றவில்லை. நிரலின் பரவலைத் தடுத்தவர் டெவன் பகுதியில் வாழ்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர். நிரலை ஊன்றி வாசித்து, அதனுள் எழுதப்பட்டிருந்த இணைய முகவரி எவர் பெயரிலும் பதியப்படாதிருந்ததைக் கண்டு, அதனைத் தாம் பதிந்துகொண்டார். பரவல் நின்றது. வாசிப்பின் பயன் இங்கும் வெளிப்படுகின்றது.

கிழக்கு இலண்டனின் ஹக்னி நகரசபை 2020 ஒக்டோபரில் தாக்கப்பட்டது. நான்கு இலட்சத்து நாற்பதாயிரம் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டன. எவரும் பயன்படுத்தாது விடப்பட்ட கணக்கொன்றின் எளிய கடவுச்சொல்லை மாற்றாதிருந்தமை குறித்துத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2024 இல் கண்டித்தது.

2023 ஒக்டோபரிலே பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டது. தமிழ் நூல்களைப் பெருந்தொகையாகப் பேணிவரும் நூலகம் அது. ஏறத்தாழ ஆறு இலட்சம் பவுண் பெறுமதியான பணம் கோரப்பட்டது; நூலகம் கொடுக்கவில்லை. நூல்களைத் தேடும் முதன்மைப் பட்டியல் 2024 ஜனவரியிலேயே மீண்டும் இணையத்தில் வந்தது. ஆனால் அலுமாரிகளிலிருந்த நூல்களுக்கு ஊறு நேரவில்லை. பட்டியல் மீண்டதற்கும் வேறிடத்தில் அதன் படி இருந்தமையே உதவிற்று.

படியில்லாதவை மீள்வதில்லை. 1981 இல், மே மாத இறுதி இரவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது, அச்சுவடிகள் எழவில்லை. 2005 இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத் திட்டம், நமது நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படியெடுத்து இணையத்தில் வைத்துவருவது இவ்விழப்பின் பாடத்தைக் கற்றதனாலாகும்.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் சில சொற்கள்

ஆதலின் பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் குடும்பப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், குடிவரவு ஆவணங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். ஒன்று கணினியில். மற்றொன்று கணினியிலிருந்து கழற்றி வைக்கப்படும் தனித் தட்டில். மூன்றாவது வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ. எந்நேரமும் கணினியோடு பொருத்தப்பட்டிருக்கும் தட்டு காப்பாகாது. நோய் அதனையும் பற்றும். இம்மூன்றும் இருப்பின், கடைக்காரர் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள் என்று கூறும்போது நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இன்று பெரும்பாலும் அதுவே பாதுகாப்பான வழியுமாகும்.

இயங்குதளம் திருத்தங்களை ஏற்றும்படி கேட்டால் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். எக்ஸ்.பி.க்கான திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றன. வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. பழைய கணினி வைத்திருப்போர் இதனைக் கவனித்தல் நலம். பணம் கேட்கும் நிரல் புகுந்துவிட்டால், இணைய இணைப்பை உடனே துண்டித்து, தகுந்தவரின் உதவியை நாடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோரும் பேரன்மாரும் பேத்திமாரும் கணினியின் முன் தயங்கும்போது பொறுமையோடு அவர்கள் அருகில் அமருங்கள். அவர்கள் வாழ்க்கையின் கடதாசிகள் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு இனி உங்கள் கைகளுக்கு வரும். அதற்குக் கூரிய கண்ணும், எழுத்தை எழுத்தாக வாசிக்கும் பழக்கமும் வேண்டும். அதனையே சனிக்கிழமைதோறும் கரும்பலகையின் முன் நின்று, ரகர றகரமாகவும் லகர ளகர ழகரமாகவும் உங்களுக்குத் தர முயல்கின்றோம்.